கேற்றடி ராத்தா

சூறாவளி அடித்துப் போன மறு வருசம் லைலா காட்டுக்குக் குடிபோனாள்.

அவளுடைய புருசன் மக்கீன் அதுவரை கல்முனைக்குடியில் தேங்காய் வியாபாரம் செய்தவன். எழுபத்தெட்டாம் ஆண்டு நவம்பரில் அடித்த காற்றில் கரையோரத்துத் தென்னைகள் வேரோடு சரிந்துவிட்டன. மரம் விழுந்தபின் தேங்காய்க்காரனுக்கு என்ன வியாபாரம்? வீட்டுக் கூரையும் போயிருந்தது. மக்கீன் சில மாதம் விழுந்த மரங்களை அறுத்துக் கொடுக்கும் கூலிக்குப் போனான். பிறகு யாரோ தெரிந்தவர் சொல்லி, பொத்துவில் வீதியிலிருந்து மேற்கே உள்ளுக்குள் கிடந்த நாவல்வில்லுத் தேசிய பூங்காவில் வாசற்காவல் வேலை கிடைத்தது. அரசாங்கம் அதைப் பூங்கா என்றது. வேலை செய்தவர்கள் பார்க் என்றார்கள்.

"அங்க சனமா இரிக்கி? ஆனையும் கரடியும்தானே," என்று லைலாவின் உம்மா அழுதாள்.

"அந்த ஆனையாலதான் உம்மா அவருக்குச் சம்பளம்," என்று லைலா சிரித்துச் சமாளித்தாள்.

ஆனால் அவளும் அழுதாள். அவர்களுக்கு ஒரே மகள், நஸீறா. எட்டு வயது. காட்டுக்குள் பள்ளிக்கூடம் இல்லை. அதனால் நஸீறாவைத் தங்கை ஜெமீலாவின் வீட்டில் விட்டுவிட்டுத்தான் லைலா பஸ் ஏறினாள். பிள்ளை தெருமுனை வரை வந்து, கையைக் கூடக் காட்டாமல் திரும்பிப் போனது.

நாவல்வில்லில் அவர்களுக்கு ஓடு போட்ட சின்னக் குவாட்டர்ஸ் ஒன்று கொடுத்தார்கள். முன்னால் பாதையை மறித்துக் கிடக்கும் ஒரு மரக் கேற், அதற்குப் பக்கத்தில் ரிக்கற் கொடுக்கும் கொட்டில், கொஞ்சம் தள்ளி, பூங்காவுக்குப் பொறுப்பான றேஞ்சர் இருந்து எழுதும் கந்தோர். அவ்வளவுதான். உள்ளே போகும் செம்மண் பாதை புதர்ப் பற்றைகளுக்கூடாக வளைந்து வளைந்து பெரிய குளமொன்றின் மண்கட்டு மேல் போய் ஏறும். கோடையில் காட்டு யானைகள் எல்லாம் அந்தக் குளத்துக்குத்தான் வரும். பார்க்க வருகிறவர்களும் அங்கேதான் போவார்கள்.

விடிந்ததும் மக்கீன் காக்கி உடுப்போடு கேற்றைத் திறப்பான். வருகிற வாகனங்களுக்கு ரிக்கற் கொடுப்பான். வாகனத்தால் இறங்கக் கூடாது, ஹோன் அடிக்கக் கூடாது, மிருகங்களுக்குத் தீன் போடக் கூடாது என்று மனப்பாடமாகச் சொல்வான். ஒவ்வொரு வாகனத்திலும் வழிகாட்டி ஒருவர் ஏறிக்கொள்வார். பொழுது சாய்கிறபோது உள்ளே போன வாகனங்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டனவா என்று பார்ப்பது அவனுடைய பொறுப்பு. ஒன்று குறைந்தாலும் றேஞ்சர் ஜீப்பை எடுத்துக்கொண்டு தேடப் போவார். சில நாள் சேற்றில் டயர் புதைந்து நிற்பார்கள். சில நாள் பாதையில் ஒரு கொம்பன் யானை படுத்திருக்கும், அது எழும்பிப் போகும்வரை இவர்களும் காத்துக் கிடப்பார்கள்.

லைலாவுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. சோறு ஆக்குவாள், கிணற்றடியில் துவைப்பாள், குரங்குக்கும் காட்டுப் பன்றிக்கும் தப்பிய நாலு கத்தரிக்காயைப் பிடுங்குவாள். அந்த இடத்தில் இருந்த ஒரே பெண் அவள்தான். அந்தக் காரணத்தாலேயே வேலை தானாக அவளைத் தேடி வந்தது.

வந்த மறு வருசம், காரைதீவிலிருந்து பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த மீனாம்பிகை ரீச்சரைக் குளவி கொட்டிவிட்டது. சட்டைக்குள் புகுந்து முதுகெல்லாம் கொட்டியிருந்தது. றேஞ்சர், மக்கீன், பள்ளிக்கூடத்து மாஸ்டர்மார் எல்லாரும் சுண்ணாம்பையும் தேசிக்காய்ப் புளியையும் கையில் வைத்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். தடவுவதற்கு ஒருவராலும் ஏலவில்லை. ரீச்சர் வலியில் துடித்தபடி, "கிட்ட வராதீங்க சேர், கிட்ட வராதீங்க," என்று கும்பிட்டார்.

றேஞ்சர் தென்னக்கோன் குருநாகல் பக்கத்துச் சிங்களவர். அரைகுறைத் தமிழ் பேசுவார். அவர்தான் முதலில் சொன்னார்: "மக்கீன், ஒங்கட நோனா கூப்பிடுங்க."

லைலா வந்து ரீச்சரை அறைக்குள் கூட்டிப்போய், கொட்டிய இடங்களைக் கழுவி, மருந்து தடவி, தன் சட்டையொன்றையும் போட்டுவிட்டு, ஜீப்பில் அக்கரைப்பற்று ஆஸ்பத்திரி வரை கூடவே போய் வந்தாள். அதற்குப் பிறகு வெயிலில் மயங்கிய வெள்ளைக்காரி, யானை துரத்திய பயத்தில் பேச்சு நின்றுபோன கிழவி என்று பெண்களுக்கு எது வந்தாலும் அவளைக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. எல்லாருக்கும் அவள் அக்கா போல, ராத்தா ஆனாள். கேற்றடி ராத்தா.

எண்பத்தோராம் ஆண்டு நோன்புப் பெருநாள் ஓகஸ்ட் மாதத்துக் கொதிக்கிற வெயிலில் வந்தது. பெருநாளைக்கு மறுநாள் கேற்றடியில் வாகனங்கள் வரிசை கட்டி நின்றன. அத்தர் வாசமும் புதுத் துணி வாசமுமாகச் சனங்கள். தொதலும் மஸ்கற்றுமாகப் பலகாரம் நிரப்பிய ரின்கள். மக்கீனுக்கு மூச்சுவிட நேரமில்லை.

அதில் ஒரு வான் மருதமுனையிலிருந்து வந்தது. தறிகள் வைத்து நெசவு நடத்தும் மீராசாஹிபு தன் குடும்பத்தைக் கூட்டி வந்திருந்தார். அவருடைய மனைவி பாத்தும்மா, மகன் இல்யாஸ், இல்யாஸின் புதுப் பெண்சாதி றம்ஸியா, அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலர், சின்னப் பிள்ளைகள். றம்ஸியா சாய்ந்தமருதுப் பெண். கலியாணம் முடித்து இரண்டு மாதம் ஆகவில்லை. மாப்பிள்ளை வீட்டாரோடு அவள் போன முதல் பயணம் அது. ஊரில் விடிகாலைப் பஜ்ர் தொழுகைக்குப் பிறகு வானில் ஏறியவள், கேற்றடிக்கு வந்தபோதும் தலையை நிமிர்த்தாமல் மூலையில் இருந்தாள்.

வழிகாட்டியாக அவர்களோடு ஏறியவர் அழகரெத்தினம். திருக்கோவில்காரர். நாவல்வில்லில் வேலைக்குச் சேர்ந்து நீண்ட காலம். சத்தம் போட்டுக் கதைக்கத் தெரியாத மனிதர்.

மத்தியான ளுஹர் தொழுகை முடிந்து வெகுநேரம் கழித்து அந்த வான் புழுதி பறக்கத் திரும்பி வந்தது. அதில் மீராசாஹிபுவும் பெண்களும் பிள்ளைகளும் மட்டுந்தான் இருந்தார்கள். இல்யாஸும் அழகரெத்தினமும் இல்லை. றம்ஸியாவும் இல்லை.

"என்ட மருமகளக் காணல்ல," என்றார் மீராசாஹிபு. மீதியை வான்காரன் சொன்னான். குளக்கட்டில் மட்டும் வாகனத்தால் இறங்கி நின்று பார்க்க விடுவார்கள். எல்லாரும் இறங்கி, எதிர்க்கரையில் தண்ணீர் குடித்த யானைக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். திரும்பி ஏறும்போது றம்ஸியாவைக் காணவில்லை. கூப்பிட்டும் பதில் இல்லை. குளத்தில் தாமரை பூத்துக் கிடந்தது. பூப் பிடுங்க இறங்கித் தண்ணீருக்குள் போய்விட்டாள் என்று நினைத்து இல்யாஸ் குளத்தில் பாய்ந்துவிட்டான்.

அந்தக் குளத்தில் முதலை இருந்தது. அதை யாரும் வாயால் சொல்லவில்லை. றேஞ்சர் கயிறு, கம்பு, தோட்டா போட்ட துவக்கு எல்லாம் எடுத்துக்கொண்டு ஆட்களை ஜீப்பில் ஏற்றிப் போனார்.

லைலா பெண்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பாய் விரித்து இருத்தினாள். தேத்தண்ணி ஊற்றினாள். மற்றப் பெண்கள் ஒப்பாரி வைத்து அழுதார்கள். பாத்தும்மா மட்டும் அழவில்லை. முக்காட்டு நுனியைக் கையில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். வாசலில் நின்ற தன் புருசனை அடிக்கடி பார்த்தாள்.

லைலாவுக்கு அது கண்ணில் பட்டது. "மாமி, கொஞ்சம் உள்ளுக்கு வாங்க," என்று அவளைக் குசினிக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"மாமி, கடைசியா அந்தப் புள்ள உங்கக்கிட்ட என்னவும் சொன்னாவா?"

பாத்தும்மா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்.

"காலையில இருந்து சொன்னா புள்ள. அக்கரைப்பத்தத் தாண்டக்குள்ளயே சொன்னா. 'மாமி, எனக்கு ஒண்டுக்குப் போகணும்' எண்டு காதுக்குள்ள சொன்னா. ஆம்பிளையளுக்கிட்ட வான நிப்பாட்டச் சொல்ல எனக்கு வெக்கம். கொஞ்சம் பொறு மகள், கொஞ்சம் பொறு மகள் எண்டன். குளத்தடியில வந்து என்ட கையப் புடிச்சிக்கிட்டு அழுவுறா. ஏலாது மாமி எண்டு. எல்லாரும் ஆனையப் பார்க்காங்க, ஓடிப்போய்ட்டு வா எண்டு நான்தான் அனுப்பினன்."

"எந்தப் பக்கம்?"

"தண்ணிப் பக்கமில்ல. கட்டுக்குப் பின்னால, பத்தைப் பக்கம். ஆம்பிளையள் பார்க்காத பக்கம்."

"அத அங்க சொல்லல்லயா மாமி?"

"எப்பிடிப் புள்ள சொல்ற? அத்தின ஆம்பிளையள். என்ட மகனும் நிக்கான், அவன்ட வாப்பாவும் நிக்கார். இப்ப வந்திருவா, இப்ப வந்திருவா எண்டு பார்த்துக்கிட்டு நிண்டன். மறுகா என்ட மகன் தண்ணிக்குள்ள பாய்ஞ்சிட்டான். அதுக்குப் புறகு எனக்கு வாய் வரல்ல."

லைலாவுக்குக் கோபம் வந்ததா என்றால், இல்லை. அவளே எத்தனை பயணத்தில் அப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். பெண்பிள்ளைகள் பயணம் போகிற அன்றைக்குத் தண்ணீர் குடிக்காமல் போவது ஊரில் யாருக்குத்தான் தெரியாது?

கேற்றடிக்கு ஓடினாள். மக்கீனிடம் விசயத்தைச் சொன்னாள். "நான் போகணும். அங்க ஒரு பொம்பிள வேணும்."

"நீயா? றேஞ்சர் மாத்தயா ஏசுவார்."

"ஏசட்டும்."

மக்கீனால் கேற்றை விட்டு அசைய ஏலாது. தண்ணீர் பீப்பாய் இழுக்கும் ட்ராக்டர்காரனைக் கூப்பிட்டான். "கட்டில் விரிப்பு ஒண்டும் எடுத்துக்கிட்டுப் போ," என்றான். "காயம் கீயம் பட்டிருந்தாத் தூக்க உதவும்."

ட்ராக்டரின் மட்கார்டில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு போனாள். வந்து இரண்டு வருசமாகியும் அவள் காட்டுக்குள் அவ்வளவு தூரம் போனது அன்றைக்குத்தான்.

குளத்தில் ஆண்கள் கம்புகளால் தண்ணீரைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இல்யாஸ் பெருநாள் சட்டையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று, கை மரத்துப்போக, தாமரைக் கொடிகளை அறுத்து எறிந்துகொண்டிருந்தான். அழகரெத்தினம் குளக்கட்டில் நின்றார். முகம் வெளிறிக் கிடந்தது. லைலா அவரை ஒரு பக்கம் கூப்பிட்டாள்.

"அண்ணன், அந்தப் புள்ள தண்ணிப் பக்கம் போகல்ல. பின்னுக்குப் போயிரிக்கி."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. "அங்கயும் கூப்பிட்டுப் பார்த்தம் தங்கச்சி. ஒரு சத்தமும் இல்ல."

"ஆர் கூப்பிட்ட?"

"நான் கூப்பிட்டன். மாப்பிள்ளயும் கூப்பிட்டார்."

"இப்ப நான் கூப்பிடுறன். நீங்க வழியக் காட்டுங்க."

அழகரெத்தினம் துவக்கை எடுத்துக்கொண்டு கட்டுக்குப் பின்னால் இறங்கினார். நிலத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தார். ஒரு புற்று உடைந்து கிடந்த இடத்தில் நின்றார். "கரடி," என்றார். அதற்கு அப்பால் சூரைப் பற்றையில், பச்சை நிறத்தில் சரிகை போட்ட சீலையொன்று முழுதாக மாட்டிக் கிடந்தது. கிழிந்து, முள்ளில் சுருண்டு.

அதைக் கண்டதும் அவர் அப்படியே நின்றுவிட்டார். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்: "தங்கச்சி, இனி நீங்க முன்னுக்குப் போங்க. நான் இதில நிக்கிறன். ஆனைகள் தண்ணிக்கு எறங்குற நேரம். வந்தா நாக்கால சொடுக்குவன். சொடுக்கினா அசையாம இருங்க."

லைலா சீலையைக் கழற்றிப் பார்த்தாள். உடுக்கிற மாதிரி இல்லை. அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"றம்ஸியா! மகள்! நான் கேற்றடியில இரிக்கிற ராத்தா. என்னோட ஆம்பிளையள் ஆரும் இல்ல மகள்."

சில்வண்டுச் சத்தம் மட்டும் கேட்டது.

"உங்கட மாமி எல்லாத்தையும் சொன்னா. ஆரும் உங்கள ஏச மாட்டாங்க. நான் விரிப்புக் கொண்டு வந்திரிக்கன்."

பக்கத்தில், வீரை மரமொன்றின் பின்னாலிருந்து விம்மல் கேட்டது. "ராத்தா, நீங்க மட்டுந்தானே?"

உள்பாவாடையும் சட்டையுமாக, முழங்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மரத்தடிப் பள்ளத்தில் ஒடுங்கி இருந்தாள் றம்ஸியா. தலைமயிரெல்லாம் சருகு. கையில் முள்ளுக் கிழித்த கோடுகள். ஒரு கணுக்கால் வீங்கிக் கிடந்தது. லைலா விரிப்பால் அவளைத் தலையோடு மூடி அணைத்துக்கொண்டாள்.

"நான் இருந்த எடத்துக்கு நேரா வந்துச்சி ராத்தா. கறுப்பா. எழும்பி ஓடினன். சீல முள்ளில மாட்டிட்டு. இழுத்தன், வரல்ல. அத உட்டுட்டு ஓடினன். கால் மடங்கிட்டு."

"உங்கட மாப்பிள்ள கூப்பிட்ட சத்தம் கேக்கல்லயா மகள்?"

"கேட்டுச்சி. கிட்டத்தான் கேட்டுச்சி. அவரோட வேற ஆக்கள்ட சத்தமும் கேட்டுச்சி. இந்தக் கோலத்தில எப்பிடி ராத்தா ஓம் எண்டு சொல்ற?"

கரடி நடமாடுகிற இடத்தில், நடக்க ஏலாத காலோடு, தன்னைத் தேடுகிறவர்களின் குரலைக் கேட்டுக்கொண்டே வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறது அந்தப் பிள்ளை.

அப்போது 'டக்' என்று நாக்குச் சொடுக்குகிற சத்தம் வந்தது. லைலா றம்ஸியாவின் முகத்தைத் தன் நெஞ்சோடு சேர்த்து அமத்திக்கொண்டாள். பற்றைக்குள் கிளை முறிந்தது. ஒரு பெண் யானை, அதன் பின்னால் இன்னொன்று, இரண்டுக்கும் நடுவில் மயிர் அடர்ந்த ஒரு குட்டி. அவை நடக்கிற சத்தமே இல்லை. வயிற்றுக்குள் இரைகிற சத்தம்தான் கேட்டது. முன்னால் போன யானை நின்று தும்பிக்கையை இவர்கள் பக்கமாகத் தூக்கியது. லைலா கலிமாவை உதட்டுக்குள் சொன்னாள். யானை தும்பிக்கையைத் தாழ்த்தியது. குட்டியைத் தள்ளிக்கொண்டு குளத்துப் பக்கம் போனது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்கள் என்று லைலாவுக்குத் தெரியாது. அழகரெத்தினம் மெல்லக் கூப்பிட்டபிறகுதான் மூச்சு வந்தது. றம்ஸியாவைத் தோளில் சாய்த்து நடத்திக் கொண்டுவந்தாள். அவர் இருவருக்கும் முன்னால், ஒரு தரமும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

குளக்கட்டில் அவர்களைக் கண்டதும் இல்யாஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடி வந்தான். "எங்க போன நீ?" என்று கத்தினான். கத்திய கையோடு அழுதுவிட்டான்.

"தம்பி, கேள்வியெல்லாம் மறுகா," என்றாள் லைலா. "கரடி வெரட்டியிரிக்கி. கால் வீங்கியிரிக்கி. ஜீப்பில ஏத்துங்க."

கேற்றடிக்கு வந்தபிறகு இன்னொரு வில்லங்கம் முளைத்தது. றேஞ்சர் தென்னக்கோன் நல்ல மனிதர்தான். ஆனால் அன்றைக்குப் பயந்து போயிருந்தார். ஒரு உயிர் போயிருந்தால் மேலிடத்துக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். கந்தோரில் அழகரெத்தினத்தை முன்னால் நிறுத்திக் கேட்டார்.

"ஒரு பொம்புள தனிய காட்டுக்குள்ள போறது. நீ என்ன பார்த்துக்கொண்டு நின்றது?"

அழகரெத்தினத்துக்கு இப்போது காரணம் தெரியும். சீலையைக் கண்டதுமே விளங்கிக்கொண்டவர். ஆனால், "கவனிக்கல்ல மாத்தயா. பிழை என்னிலதான்," என்று மட்டும் சொன்னார்.

"நாளைக்கு வேலைக்கு வரவேணாம். விசாரணை முடிய நான் சொல்றது."

சன்னலோரம் நின்ற லைலா அதைக் கேட்டாள். றம்ஸியா காட்டிலிருந்து வரும்போது அவள் கையைப் பிடித்து, தன் மாப்பிள்ளைக்கோ மற்றவர்களுக்கோ சொல்லிவிட வேண்டாம் என்று மன்றாடியிருந்தாள். லைலாவும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தாள். இங்கே பிள்ளைகுட்டிக்காரர் ஒருவரின் வேலை போகப்போகிறது. என்ன செய்வதென்று தெரியாமல் பாத்தும்மாவிடம் போனாள்.

"மாமி, உங்கட மருமகள்ட மானத்துக்காக அந்த மனிசன் வாயத் திறக்காம நிக்கார். அவர்ட வேல போகப்போகுது."

பாத்தும்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழும்பினாள். "நட புள்ள. பொறுத்துக்க பொறுத்துக்க எண்டு சொன்ன நானே போய்ச் சொல்றன்."

இரண்டு பேரும் கந்தோருக்குள் போனார்கள். மற்ற ஆண்களை வெளியே போகச் சொல்லும்படி லைலா றேஞ்சரைக் கேட்டாள். அவர்கள் போனதும் பாத்தும்மா நடந்ததைச் சொன்னாள். பாதியில் வெட்கம் வந்து நிற்க, மீதியை லைலா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லி முடித்தாள்.

தென்னக்கோன் பேனையை மேசையில் வைத்தார். காதெல்லாம் சிவந்துவிட்டது. "இதுக்கு ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை?"

"எப்பிடி மாத்தயா சொல்ற?" என்றாள் லைலா. "எறங்க வேணாம் எண்டு கேற்றடியில சொல்றம். எறங்காம எங்க போற எண்டு ஆரும் சொல்லல்ல. ஆம்பிளையள் எண்டா மரத்தடியில நிண்டுட்டு வருவாங்க. உங்கட நோனா இங்க வந்தா எங்க போவா?"

"என்ட குவாட்டர்ஸ் இருக்குதானே."

"மத்தப் பொம்பிளையள்?"

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். அவருக்கும் மூன்று பெண்பிள்ளைகள் இருந்தார்கள். பேனையைத் திரும்ப எடுத்து, "கரடி துரத்தி வழி தவறியது என்று எழுதுறேன். அது பொய்யில்லதானே," என்றார். அழகரெத்தினத்தைக் கூப்பிட்டு, நாளைக்கு வழமைபோல வரச் சொன்னார்.

மறுநாளிலிருந்து லைலா ஒரு வழக்கத்தை ஆரம்பித்தாள். மக்கீன் ரிக்கற் கிழிக்கிற நேரத்தில் அவள் வாகனத்தின் மறுபக்கம் போவாள். பெண்கள் இருக்கிற சன்னலில் தலையை வைத்து, "உள்ளுக்குப் போனா வர நேரமாகும். எங்கட வளவுக்குள்ள கக்கூசு இரிக்கி. வாங்க, ஒரு வாய்த் தண்ணியும் குடிச்சிட்டுப் போகலாம்," என்பாள். முதலில் தயங்குவார்கள். ஒருத்தி இறங்கினால் மற்ற எல்லாரும் இறங்கிவிடுவார்கள். வரிசையில் நிற்கிற நேரத்தில் கதைகள் கிளம்பும். எந்த ஊர், யார் மகள், எத்தனை பிள்ளைகள். வரிப்பத்தான்சேனையிலிருந்து வந்த பெண்கள் அடுத்த தரம் அவளுக்குப் புது அரிசி கொண்டுவந்தார்கள். மருதமுனையிலிருந்து பாத்தும்மா அவளுக்கு ஒரு கைத்தறிச் சீலையும் அழகரெத்தினத்துக்கு உடுக்க ஒரு சாரமும் அனுப்பியிருந்தாள். கிணற்றில் தண்ணீர் இறைத்து இறைத்து லைலாவின் கை காய்த்துப் போனது.

தென்னக்கோனும் சும்மா இருக்கவில்லை. குளக்கட்டுக்குப் போகும் பாதையின் நடுவில் பெண்களுக்கென்று மலசலகூடம் ஒன்று கட்ட அனுமதி கேட்டுக் கேட்டு, மறு வருசம் ஒருவழியாக வாங்கிவிட்டார். தகரக் கூரை, சீமெந்துக் கல்லுச் சுவர், வாசலில் தண்ணீர் பீப்பாய். கட்டி முடித்த கிழமையே யானை வந்து பீப்பாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு, முதுகைத் தேய்த்துச் சுவரையும் சரித்துவிட்டது. திரும்பக் கட்டினார்கள். திரும்ப வந்து சரித்தது.

"ஆனைக்கும் அவசரம் போல," என்றார் அழகரெத்தினம். அவர் பகிடி விட்டதை எல்லாரும் கேட்டது அந்த ஒரு தரந்தான்.

தண்ணீர் வைப்பதால்தான் யானை வருகிறது என்று லைலாதான் றேஞ்சரிடம் சொன்னாள். அதற்குப் பிறகு பீப்பாய் வைக்கவில்லை. உள்ளே போகும் ஒவ்வொரு வாகனத்திலும் அவள் ஒரு வாளித் தண்ணீர் ஏற்றிவிடுவாள். வாளி திரும்பி வரும். சில நேரம் வராது. மூன்றாம் தரம் கட்டிய சுவர் நின்றது.

அவள் செய்ததற்கு யாரும் அவளுக்கு ஒரு வேலை என்று பெயர் வைக்கவில்லை. தென்னக்கோன் ஒருமுறை மேலிடத்தில் கேட்டுப் பார்த்தார். வாசற்காவலாளியின் மனைவிக்கு அப்படி ஒரு பதவி இல்லை என்று பதில் வந்தது. லைலா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளை வருத்தியது வேறொன்று. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருதரம் ஊருக்குப் போகிறபோது நஸீறா அவளை யாரோ விருந்தாளியைப் போலப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். தானாக ஒன்றும் சொல்ல மாட்டாள். ஏதாவது வேண்டுமென்றால், "சாச்சி," என்று ஜெமீலாவைக் கூப்பிடுவாள்.

எண்பத்து நான்காம் ஆண்டு, மாரி முடிந்து பாதை திறந்த நாட்களில், கல்முனைக்குடியிலிருந்து வந்த வானொன்றின் சன்னலில் லைலா வழமைபோலத் தலையை வைத்தாள். அவள் வாயைத் திறக்குமுன் உள்ளே இருந்த பெண் சொன்னாள்: "ராத்தா, உங்களுக்கு ஆள் அனுப்பியும் வெள்ளத்தால வரக் கெடைக்கல்லயாம். உங்கட மகள் பெரியபுள்ளயாகிட்டா. தண்ணி வாத்து எல்லாம் முடிஞ்சி."

லைலா அன்றைக்கு அந்தப் பெண்களுக்கெல்லாம் தண்ணீர் இறைத்துக் கொடுத்தாள். வாளியும் ஏற்றிவிட்டாள். வான் உள்ளே போனபிறகு வீட்டுக்குள் போய், உடுப்புகளை ஒரு பேக்கில் அடுக்கத் தொடங்கினாள். மக்கீன் வந்து வாசலில் நின்றான்.

"எப்ப திரும்பி வருவாய்?"

"இனி வரல்ல," என்றாள். "ஊராக்கள்ட புள்ளயளுக்கெல்லாம் இருந்தன். என்ட புள்ளக்கு இருக்கல்ல."

மக்கீன் அவளைப் பொத்துவில் வீதி வரை கூட்டிவந்து பஸ் ஏற்றிவிட்டான்.

பிறகு அவன் கேற்றடியில் என்ன செய்தான் என்பதை ஊருக்கு வந்த ஒரு பெண் சொல்லித்தான் லைலா அறிந்தாள். மக்கீன் வாகனத்தின் மறுபக்கம் போய், பெண்களைப் பார்க்காமல் நாவல் மரத்தைப் பார்த்து நின்றுகொண்டு, "என்ட வீட்டுக் கதவு திறந்திரிக்கி. தண்ணியும் இறைச்சி வச்சிரிக்கன். போய்ட்டு வாங்க. நான் இந்தப் பக்கம் வரமாட்டன்," என்று மரத்துக்குச் சொல்வானாம். லைலா வயிறு நோகச் சிரித்தாள். சிரித்து முடிய அழுதாள்.

மறு வருசம் சண்டை கிழக்குக்கும் வந்து நாட்டு நிலைமை கெட்டது. பார்க்குக்கு யாரும் வரவில்லை. பிறகு மூடியே விட்டார்கள். மக்கீனை அம்பாறையில் ஒரு களஞ்சியத்துக்குக் காவலாக மாற்றினார்கள். தென்னக்கோன் எங்கோ மாற்றலாகிப் போனார். அழகரெத்தினம் திருக்கோவிலுக்குப் போய்விட்டார் என்று கேள்வி. அந்த நாட்களில் முஸ்லிம் ஊரிலிருந்து பக்கத்துத் தமிழ் ஊருக்குப் போவதே பயமாக இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து யார் வந்தாலும் லைலா அவரைப் பற்றி விசாரித்தாள். உயிரோடு இருக்கிறார், வயல் செய்கிறார் என்று ஒருவர் சொன்னபோது அல்ஹம்துலில்லாஹ் என்றாள்.

நஸீறா லேசில் இளகவில்லை. லைலா ஊருக்கு வந்த கொஞ்ச நாளில் ஒருதரம் கேட்டாள்: "அங்க வாற பொம்பிளையளுக்கெல்லாம் நீங்கதானாம் உம்மா. எல்லாரும் வந்து சொல்றாங்க. நான் பெரியபுள்ளயான அண்டைக்கு சாச்சிட மடியில படுத்துக்கிட்டு உங்களத்தான் கேட்டன்."

"ஓம் மகள்," என்று மட்டும் லைலா சொன்னாள். எதையும் விளங்கப்படுத்தப் போகவில்லை. காலையில் தலை வாரிவிட்டாள். பள்ளிக்கூடத்தால் வரும்போது சோற்றோடு காத்திருந்தாள். மகள் பேசாத நாளில் பேசாமலே பக்கத்தில் இருந்தாள்.

ஒரு வருசம் போல எடுத்தது. ஒருநாள் பின்னேரம் நஸீறா பள்ளிக்கூடத்தால் வந்து, ஜெமீலாவின் வீட்டுப் பக்கம் போகாமல் நேரே குசினிக்குள் வந்து நின்றாள். "உம்மா, கதவச் சாத்துங்க. உங்களுக்கிட்ட ஒரு விசயம் கதைக்கணும்," என்றாள்.

லைலா அடுப்பில் இருந்த சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.